பாலைவனத்தில் நடக்க எந்த மாதம்? கத்திரியில் போய்த் தோற்றவன் சொல்கிறேன்

போன வாரம் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "அண்ணே, அரிசோனா டிரெயில் நடக்கப் போறேன். மே மாசம் நாலு வாரம் லீவு சொல்லியாச்சு, டிக்கெட்டுதான் போடணும்" என்றான். ஏன்டா மே என்றேன். "அப்பத்தாண்ணே ஆபீஸ்ல வேலை கம்மி." தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் முடிந்தது, அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன். திட்ட வாயெடுத்தேன், ஆனால் திட்டவில்லை, ஏனென்றால் இதே தப்பை, இதே காரணத்துக்காக, இதே பாதையில் நானே செய்திருக்கிறேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது என்பதால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சரி.

முதலில் பாதை. அரிசோனா டிரெயில் மெக்சிகோ எல்லையில் தொடங்கி மாநிலத்தின் தெற்கிலிருந்து வடக்கு வரை போய் யூட்டா எல்லையில் முடிகிறது. 800 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 1,290 கிலோமீட்டர். ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த டேல் ஷீவால்ட்டர் என்பவர் 1985-ல் மாநிலத்தை நடந்தே கடந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு பாதை வேண்டும் என்று பேசிப் பேசி உருவானது. 2009-ல் தேசியப் பாதை என்ற தகுதி கிடைத்தது, 2011 கடைசியில்தான் விட்டுப்போன துண்டுகள் எல்லாம் இணைந்தன. பாலைவனம் என்றதும் சினிமாவில் வரும் மணல்மேடு ஞாபகத்துக்கு வரும், அதெல்லாம் இங்கே கிடையாது. கல், முள், பனைமர உயரத்துக்கு நிற்கும் சகுவாரோ கள்ளி, அப்புறம் திடீரென்று ஒரு மலை, அதன் மேல் பைன் காடு, மறுபடி இறங்கினால் முள். கீலா ஆற்றங்கரையில் உயரம் 500 மீட்டரை ஒட்டி, வடக்கே கைபாப் பீடபூமியில் 2,700 மீட்டருக்கு மேல். காரைக்குடியையும் கொடைக்கானலையும் ஒரே நூலில் மாற்றி மாற்றிக் கோத்த மாதிரி. கொடைக்கானல் முனையில் பனி இன்னும் உருகாமல் கிடக்கும் அதே வாரத்தில் காரைக்குடி முனை காயத் தொடங்கியிருக்கும். அதனால் மொத்தப் பாதைக்கும் சேர்த்து ஒரு நல்ல மாதம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

நான் அப்போது ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் வேலையில் இருந்தேன். வார இறுதியில் மலையேறிப் பழக்கம், ஒருநாளைக்கு இருபது கிலோமீட்டர் தாராளமாக நடப்பேன், அந்தத் தைரியம். லீவு ஏப்ரல் நடுவில்தான் கிடைத்தது. ஏப்ரல் 18-ம் தேதி எல்லையில் கால் வைத்தேன், முதல் நாளே மில்லர் பீக் மலை ஏற்றம், ராத்திரி கூடாரத்துக்குள் பல் கிட்டியது. பாலைவனத்தில் குளிருகிறதே, நாம் சீக்கிரமே வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன் என்றால் பாருங்கள். தெற்குப் பகுதியில் மலை மலையாக ஏறி இறங்குவதால் முதல் இரண்டு வாரமும் அந்த மயக்கம் தெளியவே இல்லை. டூசான் நகரத்தை ஒட்டிய காட்டலினா மலையில் லெமன் சிகரம் இருக்கிறது, கிட்டத்தட்ட 2,800 மீட்டர், அங்கே மே முதல் வாரத்தில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஆரக்கிள் என்ற சின்ன ஊருக்கு இறங்கி, வடக்கே கீலா ஆற்றை நோக்கித் திரும்பியதும் மலையும் நிழலும் முடிந்துபோயின. அடுத்த நூறு கிலோமீட்டர் திறந்த வெளி. தேதி மே 7. நம் பஞ்சாங்கப்படி அக்கினி நட்சத்திரம் தொடங்கி மூன்று நாள்.

நமக்குத் தெரியாத வெயிலா என்ற எண்ணம் செட்டிநாட்டுக்காரனுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஆனால் இங்கே 38 டிகிரி என்றால் சட்டை முதுகில் ஒட்டும், வேர்வை கண்ணில் இறங்கும், உடம்பு "போதும், உட்கார்" என்று நச்சரிக்கும். அங்கே காற்றில் ஈரம் பத்து சதவீதம்கூட இருக்காது, வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். நாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நடந்துகொண்டே இருப்போம். மேடேறும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வரை வேர்வையாகப் போய்விடும், ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆறு லிட்டர் முதுகில் ஏற்றினால் அந்த ஆறு கிலோவைத் தூக்குவதற்கே இன்னும் தண்ணீர் வேண்டும். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர ஒரே வழி, வழியில் தண்ணீர் கிடைப்பதுதான்.

கிடைக்கவில்லை. வரைபடத்தில் நீலமாகப் போட்டிருந்த இடம் எல்லாம் மாட்டுக்காகத் தோண்டிய குட்டைகள். டேங்க் என்று சொல்வார்கள், நான் நம்மூர் சின்டெக்ஸ் மாதிரி ஏதோ ஒன்று நிற்கும் என்று நம்பிப் போனேன், போய்ப் பார்த்தால் நம்மூர் ஊருணிக்குத் தம்பி மாதிரி மண்ணில் ஒரு பள்ளம், அடியில் சேறு, சேற்றில் மாட்டுக் குளம்புத் தடம், அவ்வளவுதான். அடுத்த குட்டையில் சேறும் இல்லை, வெடித்த தரை. அந்த வருடம் குளிர்கால மழையும் சரியில்லை, அது எனக்குத் தெரியும், செய்தியில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், நான் அதற்கும் என் நடைக்கும் முடிச்சுப் போடவில்லை. ஒரு மண்சாலை குறுக்கே வரும் இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் வைத்துவிட்டுப் போயிருந்த கேன் தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றியது. அதைக் குடித்துவிட்டு, புதர் நிழலில் சாயங்காலம் வரை படுத்திருந்துவிட்டு, அந்தச் சாலையிலேயே வெளியேறினேன். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அவமானமாக இருந்தது.

ராத்திரி வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்டார்கள். "கத்திரி பொறந்தபெறகு எந்த ஊருணியில ராசா தண்ணி கெடக்கு?"

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் அறிவோடு யோசிக்க ஆரம்பித்தேன். பாலைவனத்துக்கு எப்போது போவது என்று கேட்பவர்கள் எல்லாரும் வெப்பநிலை அட்டவணையைத்தான் திறக்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது மழை. கடைசியாக மழை எப்போது பெய்தது, எவ்வளவு பெய்தது, அது இன்னும் குட்டையில் கிடக்கிறதா. அரிசோனாவுக்கு நம்மைப் போலவே வருடத்தில் இரண்டு மழை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசிபிக் கடலிலிருந்து வரும் மழை, மெதுவாக, நின்று பெய்யும், மலை மேல் பனியாக விழும். அப்புறம் கோடையில் ஒரு பருவமழை, அதற்கு அவர்களும் மான்சூன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கணக்குப்படி ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. நடைமுறையில் ஜூலை, ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், பக்கத்து மலையில் பெய்த மழைக்கு இங்கே வறண்ட ஓடையில் சுவர் மாதிரி வெள்ளம் வரும். இந்த இரண்டு மழைக்கும் பின்னால், நடக்கத் தோதாக ஆளுக்கொரு ஜன்னல் திறக்கிறது. குளிர்கால மழை முடிந்து மார்ச், ஏப்ரல். கோடை மழை முடிந்து அக்டோபர், நவம்பர். நடப்பவர்கள் கூட்டம் இந்த இரண்டில்தான். இரண்டுக்கும் நடுவில் உள்ள மே, ஜூன்தான் வருடத்திலேயே காய்ந்த காலம், காட்டுத்தீ பற்றும் காலமும் அதுவே, பாதையையே மூடிவிடுவார்கள். சித்தப்பா மகன் லீவு சொல்லியிருப்பது சரியாக அங்கே.

மழை முடிந்த கையோடு நடப்பது நமக்கு ஒன்றும் புதிது இல்லை. எங்கள் பக்கம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறார்கள், குன்றக்குடியில் காவடிகள் சேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் நடை, பல தலைமுறையாக நடக்கிறது. அது ஏன் தையில் என்று சின்ன வயதில் கேட்டால் முருகனுக்கு உகந்த நாள் என்பார்கள், சரிதான், ஆனால் கால்நடையாகப் போகிறவன் கண்ணால் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வழி காய்ந்திருக்கும், ஊருணியும் கண்மாயும் நிறைந்திருக்கும், வயலில் அறுப்பு முடிந்து குறுக்கே நடக்க இடம் இருக்கும், ராத்திரி போர்வை கேட்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அப்பத்தா சொல்லும் அர்த்தமே இதுதான், அறுத்த வயலில் வழி கிடைக்கும், அவ்வளவுதான், ஜோசியம் எல்லாம் கிடையாது. பூசம் நகர்ந்து நகர்ந்து வரும். 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, இந்த வருடம் பிப்ரவரி 1. பதினைந்து நாள் தள்ளி வந்த வருடம் காலை பத்து மணிக்கே தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டது என்று நடந்தவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். பதினைந்து நாளுக்கே அப்படி. நான் அரிசோனாவில் ஒரு மாதத்துக்கு மேல் பிந்திப் போயிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது ஒன்றும் அந்தப் புதர் நிழலில் ஞாபகம் வந்தது. பாலைக்குப் பெரும்பொழுது வேனிலும் பின்பனியும், சிறுபொழுது நண்பகல். மற்ற நாலு திணைக்கும் நிலம் உண்டு, பாலைக்குத் தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை. அதாவது நம் ஆட்கள் பாலையை இடமாகப் பார்க்கவில்லை, காலமாகப் பார்த்தார்கள். அப்போது ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்தது. நல்ல மழை பெய்த வருடத்தில் மார்ச் மாதம் அதே பள்ளத்தாக்குச் சரிவுகளில் மஞ்சள் பாப்பிப் பூ விரித்துப்போட்ட மாதிரி பூத்திருக்கும், படம் பார்த்தால் யாரும் பாலைவனம் என்று சொல்லமாட்டார்கள். மே மாதம் அது பாலை. அப்புறம் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. கல்யாணமாகி நாலு மாதத்தில் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, வேனிலில், சுரம் கடக்கப் போகிறவன் இந்தக் காலத்தில் கிடைப்பது அபூர்வம். என் தம்பி இலக்கணம் தவறாமல்தான் திட்டம் போட்டிருக்கிறான்.

சரி, மார்ச்சா அக்டோபரா? இங்கேதான் நாள் எண்ணவேண்டும். நாளைக்கு 25 கிலோமீட்டர் என்றால் முழுப் பாதைக்கு ஏழரை வாரம். தெற்கிலிருந்து கிளம்புகிறவன் வடக்கே கைபாப் பனி உருகுவதற்கு முன் போய்ப் பயனில்லை. கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்புக்குப் போகும் சாலையையே வழக்கமாக மே 15-ஐ ஒட்டித்தான் திறப்பார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லையில் கால் வைக்கவேண்டியது மார்ச் மூன்றாம் வாரம். கீலா ஆற்றுப் பக்கம் அப்போது ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிடும், குட்டையில் தண்ணீர் இருக்கும், வெயில் பொறுக்கும். நாம் பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாள் எந்த ஊரில் தங்கல் என்று முடிவு செய்து, கடைசியில்தானே புறப்படும் நாளுக்கு வருவோம், அதே கணக்கு. நான் லீவு கிடைத்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணினேன்.

இரண்டாவது தடவை அக்டோபர். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்புவது என்று முடிவான பிறகு கையில் இரண்டு மாதம் இருந்தது. செப்டம்பர் 28 அன்று யூட்டா எல்லையிலிருந்து தெற்கு நோக்கி. என்னைக் கேட்டால் இதுதான் சிறந்தது, காரணம் குளிர்ச்சி மட்டும் இல்லை. வசந்தத்தில் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சூடு, ஒவ்வொரு நாளும் குட்டை வற்றிக்கொண்டே போகிறது, கால் கொப்புளம் என்று நாலு நாள் உட்கார்ந்தால் அந்த நாலு நாளுக்கும் பின்னால் வட்டி கட்டவேண்டும். இலையுதிர் காலத்தில் தாமதமானால் வெயில் இன்னும் இறங்குமே தவிர ஏறாது. கைபாப் மேல் ஆஸ்பென் மரம் எல்லாம் மஞ்சள், காலையில் பாட்டில் வாயில் ஐஸ். பனியும் மழையும் நிறைய விழுகிற இடம்தான், ஆனாலும் அங்கே ஓடை கிடையாது, சுண்ணாம்புக்கல் அத்தனையையும் உறிஞ்சிவிடும், அதனால் அங்கேயும் குட்டைத் தண்ணீர்தான். வடிகட்டி அடைத்துக்கொண்டபோது அப்பத்தா ஊருணித் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைப்பது ஞாபகம் வந்தது, ஒரு கொட்டை கொண்டுவந்திருக்கலாம். கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கினால் தெற்கு விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் பள்ளம், கோடையில் அடியில் 40-ஐத் தாண்டும், காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதே என்று பூங்காக்காரர்களே எழுதிப்போட்டிருப்பார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் நான் மத்தியானம் ஆற்றங்கரையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீபாவளி சமயம் பைன் என்ற சிற்றூரில். வீட்டுக்குப் பேசினால் இங்கே அடைமழை, வெடி நமத்துப்போச்சு என்றார்கள். நவம்பர் 24 அன்று மெக்சிகோ எல்லை.

அக்டோபரிலும் ஒரு சிக்கல் உண்டு, அது நமக்குச் சட்டென்று தோன்றாது. காரைக்குடி பூமத்திய ரேகைக்குப் பக்கம், வருடம் முழுக்கப் பகல் நேரம் ஒருமணி நேரம் ஒன்றேகால் மணி நேரம்தான் கூடிக் குறையும், அதனால் பருவம் என்றால் நாம் பொழுதைக் கணக்கில் வைப்பதே இல்லை. ஃபீனிக்ஸில் ஜூன் கடைசியில் பதினாலு மணி நேரத்துக்கு மேல் பகல், டிசம்பரில் பத்து மணி நேரம்கூட இல்லை. நவம்பர் கடைசியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது, கூடாரத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். தனியாகப் போகிறவனுக்கு அது கால்வலியைவிடக் கஷ்டம். இன்னொன்று, கோடை மழை பொய்த்த வருடம் என்றால் அக்டோபர் ஜன்னலும் பாதிதான் திறக்கும், அதனால் செப்டம்பர் வரை மழைக்கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும். அது வேட்டைக் காலமும் கூட, ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது மாட்டிக்கொள்வது நல்லது. பாம்பு, தேள் பயம் வசந்தத்தில் கூடுதல், குளிரில் அடங்கியிருந்த ராட்டில் பாம்பு மார்ச், ஏப்ரலில்தான் வெயில் காய வெளியே வரும்.

சரியான மாதத்திலும் சரியான மணி வேண்டும். அதற்குப் பாதயாத்திரை ஒழுங்குதான் எனக்குக் கைகொடுத்தது. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து நட, பத்து மணிக்கு நிழல் பார்த்துப் படு, நாலு மணிக்கு மேல் மறுபடி நட. காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம் எடுத்துப்போயிருந்தேன், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு துண்டு, எந்தக் கடையில் வாங்கின உப்புப்பொடியும் அதற்கு ஈடில்லை. குடையும் உண்டு. வெள்ளைக்காரர்கள் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒன்று வைத்திருந்தார்கள், நான் காரைக்குடியில் வாங்கின கறுப்புக்குடை, பார்த்துச் சிரித்தார்கள், நிழல் ஒன்றுதான்.

அமெரிக்கா வரை போகமுடியாதவர்களுக்கு: ஜெய்சல்மர் பக்கம் தார் பாலைவனத்தில் நாலைந்து நாள் நடக்கலாம், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, டிசம்பர் கடைசியில் ராத்திரிக் குளிருக்கு நல்ல கம்பளி வேண்டும், எல்லைப் பக்கம் என்பதால் அனுமதி விஷயத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜோர்டானில் 675 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்று இருக்கிறது, பெட்ரா, வாடி ரம் வழியாக அகபா வரை, அதற்கும் வசந்தம் அல்லது இலையுதிர் காலம்தான். ரமலான் எப்போது வருகிறது என்றும் பார்க்கவேண்டும், பகலில் சாப்பாட்டுக் கடை கிடைக்காது. அங்கே குறுகிய பள்ளத்தாக்குகளில் வெள்ளம் பெரிய ஆபத்து. 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடல் அருகே பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை மேகம் தெரிந்தால் பள்ளத்துக்குள் இறங்கவே கூடாது.

இதையெல்லாம் பாதி சொன்னதும் தம்பி, "அப்ப அக்டோபருக்கு மாத்திடவாண்ணே" என்றான். மாத்து என்று நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவன் அம்மா குரல். "தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன், பாலைவனத்துல நடக்குறான்னா?" நியாயம்தான். மார்ச் என்றால் அவன் பார்ப்பது கணக்கு வேலை, வருட முடிவு, தலை தூக்க முடியாது.

அப்புறம் காலண்டரை எடுத்து இருவரும் போனிலேயே எண்ணினோம். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8. மாமனார் வீட்டில் நாலு நாள் முன்னாலேயே இருந்தாகவேண்டும், அதற்கு முன் பயணத்துக்கு இரண்டு நாள், ஒரு நாள் தூங்க. ஆக அக்டோபர் 31 பைன் ஊரில் நடை முடியவேண்டும். யூட்டா எல்லையிலிருந்து பைன் வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டர், நாளைக்கு 20 வைத்தால் இருபத்தெட்டு நாள். அக்டோபர் 4 புறப்பாடு. முழுப் பாதை இல்லை, வடக்குப் பாதிக்கும் குறைவு, ஆனால் நல்ல பகுதி. கேன்யனுக்குள் ராத்திரி தங்குவதற்கு அனுமதிச் சீட்டு சில மாதம் முன்பே கேட்கவேண்டும். 2025 ஜூலையில் மின்னல் விழுந்து பற்றிய டிராகன் பிராவோ தீயில் வடக்கு விளிம்பில் இருந்த பழைய லாட்ஜே எரிந்துபோனது, அதனால் அந்தப் பக்கம் எது திறந்திருக்கிறது என்று பூங்கா அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போடவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். மே லீவை மாற்றச் சொல்லி ஆபீசுக்கு மெயில் போட்டானா என்று நாளைக்குக் கேட்கவேண்டும்.